கோடாலி வைத்த குறி

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த நாட்கள். கடலூர்க் கரையில் துளையிட்டு எடுத்த சேற்றுக் குழாய்களோடு ஜீப்பில் சேலம் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சேற்றின் அடுக்குகளைப் பார்த்து, பழங்காலத்தில் கடல் எதுவரை இருந்தது என்று கண்டுபிடிப்பது என் வேலை. கள்ளக்குறிச்சிக்கு முன்னால், சாலையின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

குழாய்களைப் பார்த்ததும், "வெடிகுண்டுடா!" என்று கூட்டம் பாய்ந்தது. ஒன்றை இழுத்துப் போட்டு உருட்டினார்கள். மேல்முனையைக் காட்ட அவசரத்தில் நான் சாக்பீஸால் போட்டிருந்த அம்புக்குறி அழிந்துபோனது. மேல்முனை எது என்று தெரியாவிட்டால் அது வெறும் சேறு. "ஐயோ, மேல்பக்கம் எது?" என்று கத்திவிட்டேன்.

கோடாலியோடு ஒருவர் வந்தார். ஒடுங்கிய உடம்பு, உள்ளங்கையெல்லாம் காய்ப்பு. "தள்ளுங்கடா. நான் கெணறு வெட்றவன்" என்று குந்தினார். இரண்டு மூடிகளையும் கழற்றி, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"இதுல வேர் இருக்குது. இதான் மேல." கோடாலியால் குழாயின் அந்த முனையில் ஒரு வெட்டு வைத்தார். "இது இன்னாத்துக்கு சார்?"

சொன்னேன்.

"மண்ணு சொன்னா நம்பிடுறீங்க. நாங்க வாயத் தொறந்து சொன்னா எவனும் நம்பல சார். மரத்த வெட்ட வேண்டியதாப் போச்சு."

மூடிகளை மாட்டிக் குழாயை ஏற்றினேன். ஜீப்பைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு குழாயைப் பிளந்தபோது, அவர் சொன்ன முனைதான் மேல் என்று அடுக்குகளும் காட்டின. அந்த வெட்டின்மேல் என் அம்புக்குறியை மறுபடி போட எனக்குக் கை வரவில்லை.