ஏ.என்.கே. 6184-இன் உரிமையாளர் உடனே வரவும்

ஏ.என்.கே. 6184. சென்ற ஏப்ரலில் ஏழாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் இந்த எண்ணை ஒலிபெருக்கியில் அறிவித்தவர் பிச்சைமுத்து. முதல் தடவை கம்பீரமாகச் சொன்னார். இரண்டாம் தடவை கேலியும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் தடவை பாதி எண்ணிலேயே குரல் நின்றுபோனது. அந்தக் கார் அவருடையது.

பிச்சைமுத்துவுக்கு வயது அறுபத்திரண்டு. ஈப்போவில் தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் பஸ்காரர் என்று அவரை யாரும் சொல்வதில்லை. 'மைக் முத்து' என்றால் பீடோர் வரைக்கும் தெரியும். 2003-ஆம் ஆண்டு திருவிழாவில் வழக்கமாக அறிவிப்புச் செய்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சும்மா நின்ற பிச்சைமுத்துவின் கையில் ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

ஏழாங்கட்டையில் இப்போது தோட்டம் கிடையாது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், ஜனங்கள் ஈப்போ, பாகான் செராய், தஞ்சோங் மாலிம் என்று பிரிந்து போனார்கள். கோயில் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள் அத்தனை பேரும் காரில் வந்து இறங்குவார்கள். பாதையோ ஒரு லாரி போகும் அகலம், இரண்டு பக்கமும் சாக்கடை. ஆகவே அங்கே திருவிழா என்றால் பாதி நேரம் சாமி கும்பிடுவது, மீதி நேரம் கார் நகர்த்துவது.

அந்த மீதி நேரம்தான் பிச்சைமுத்துவின் ராஜ்ஜியம். நம்மூர் அடுக்குமாடிகளில் இருக்கிற வழக்கம்தான் அங்கேயும்: இன்னொரு காரை மறித்து நிறுத்துகிறவர் ஃபிரீ கியரில் போட்டு, கைப்பிரேக்கை இறக்கிவிட்டுப் போக வேண்டும். வெளியே போக வேண்டியவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார். இதைச் செய்யாதவர்களுக்கு மைக்கில் அர்ச்சனை நடக்கும்.

"நீலக் கலர் காரு, பி.எல்.ஜே. 902! அம்மா கால்நடையா வர்றா, நீங்க மட்டும் வாசல்ல கார்ல வந்து எறங்கணுமா? ஓடி வாங்கலா!"

கூட்டம் சிரிக்கும். மாட்டிக்கொண்டவர் தலையைக் குனிந்தபடி ஓடிவருவார். பூசாரி ராமையாவின் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு வருடம் அர்ச்சனை நடந்தது. அதை ராமையா மறந்ததாகத் தெரியவில்லை.

போன வருடம் மாட்டியவர் சரளா. அன்னதானப் பொறுப்பு அவரிடம் இருந்தது. பால்குடம் தூக்கிக்கொண்டு போனவர், ரதம் போகும் பாதையில் காரை நிறுத்திவிட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு போய்விட்டார். ரதம் அரை மணி நேரம் நின்றது. "பால்குடம் எடுத்த தங்கச்சி, உங்க காரு என்னா, காவடி எடுக்கப் போவுதா?" என்று பிச்சைமுத்து கேட்டது இன்றைக்கும் பலர் கைப்பேசியில் ஓடுகிறது. அதோடு அவர் விடவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ரதத்தை மறித்து வண்டி நிறுத்துகிறவர் யாராக இருந்தாலும் மைக்கில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அடுத்த வருடத் திருவிழாவில் அவருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. கை தட்டி நிறைவேற்றினார்கள். சரளாவின் அன்னதானக் கரண்டி வேறு கைக்குப் போனது.

"யாரா இருந்தாலும்னு சொல்லியிருக்கீங்கண்ணே, ஞாபகம் வச்சுக்குங்க" என்று மட்டும் சரளா சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வருடம் திருவிழாவுக்கு முந்திய வாரம் பிச்சைமுத்துவின் மகள் ஷர்மினி புதுக் கார் வாங்கினாள். பழையதை அப்பாவுக்குக் கொடுத்தாள். அது ஆட்டோ கியர். ஆயுள் முழுக்கக் கிளட்ச் மிதித்தவருக்கு அது கார் மாதிரியே தெரியவில்லை. "கியர் போடாத வண்டிய ஓட்டறதும் சோபாவுல உக்காந்திருக்கறதும் ஒண்ணுதான்" என்றார். ஆனாலும் எடுத்துக்கொண்டார். நம்பரைக்கூட இன்னும் சரியாக மனப்பாடம் செய்யவில்லை.

திருவிழா அன்று காலையிலேயே கோயிலுக்குக் கொண்டுவந்து, தோரண வளைவுக்கு நேராக நிறுத்தி, ராமையாவிடம் வண்டிப் பூஜை போட்டார். மாலை, சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். தீபாராதனைக்கு முன்னால் ராமையா வழக்கம்போல், "லைட்டப் போடு முத்து, அம்மா பாக்கட்டும்" என்றார். முத்து முன்விளக்கைப் போட்டார். அம்மா பார்த்தாள். கார் ஏறி எலுமிச்சம்பழம் நசுங்கியது. அதற்குள் மைக் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வந்து எடுத்துவிடலாம் என்று அங்கேயே விட்டுப் போனார். மைக் கையில் வந்தபின் பிச்சைமுத்துவுக்கு ஐந்து நிமிடம் என்று ஒன்று ஏது?

சாயங்காலம் ஆறு மணிக்கு ரதம் கிளம்பியது. ராமையா அம்மனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டிராக்டர் இழுத்தது, நாதஸ்வரம் முழங்கியது, பத்தடி போயிருக்கும். தோரண வளைவில் ஒரு கார். கிளம்பிய ரதம் பின்னால் போகக் கூடாது என்பது ஏழாங்கட்டையில் மாறாத சட்டம். சுற்றிப் போகச் சாக்கடை விடாது. யாரோ நம்பரைக் கத்திச் சொன்னார்கள். மைக் மேடையிலிருந்த பிச்சைமுத்துவுக்குக் கூட்டம்தான் தெரிந்தது, கார் தெரியவில்லை.

"ஏ.என்.கே. 6184! இதன் உரிமையாளர் உடனடியாக வரவும்!" என்று ஆரம்பித்தார். "ஏ.என்.கே. 6184! ஐயா புண்ணியவானே, அம்மா வர்ற வழியில மாலையும் கழுத்துமா நிக்குதாம் உங்க வாகனம், என்னா, அதுக்குக் கல்யாணமா?" கூட்டம் ஓவென்று சிரித்தது. சிரித்ததில் இரண்டு பேர் விலகி நின்றார்கள். நடுவில் அந்த மாலை தெரிந்தது. "ஏ.என்.கே. அறுபத்தொண்ணு..." என்றவர், ஒலிபெருக்கி அதிர ஒருமுறை இருமினார்.

ரதத்தின் மேலிருந்து ராமையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு அமைதி. அம்மன் முகத்தில்கூட அவ்வளவு இல்லை.

பிச்சைமுத்து மேடையை விட்டு இறங்கி, போக்குவரத்தைக் கவனிக்கிறவர் போல் காரருகே போனார். பேண்ட் பைக்குள்ளேயே சாவியின் பொத்தானை அழுத்தினார். கார் கண் சிமிட்டவில்லை. மறுபடி அழுத்தினார். சத்தமே இல்லை. பைக்குள் கையை விட்டு நெளிந்துகொண்டிருந்தவரைப் பார்த்து, "என்னாண்ணே, எறும்பா?" என்று கேட்டபடி வந்தார் சரளா.

"வெயிலு" என்றார் பிச்சைமுத்து. ஆறு மணிக்கு.

இளவட்டங்கள் காரைத் தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த சரளா சொன்னார்: "அலாமாக்! ஆட்டோ காரு, 'பி'யில கெடக்கு. கைப்பிரேக்கும் போட்டிருக்கு. வருஷா வருஷம் அண்ணன் தொண்ட கிழியச் சொல்றாரு, இது எந்தச் செவிட்டுக் கழுதையோ!"

"அதானே" என்றார் பிச்சைமுத்து, மெல்லிய குரலில்.

"பூஜ போட்ட காருலா இது. பூசாரி ஐயா, யாருதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

ராமையா மேலிருந்தபடி நிதானமாக யோசித்தார். "காலையிலருந்து எத்தன வண்டிக்குப் போட்டேன்! எனக்கு எலுமிச்சம்பழம்தான் ஞாபகம் இருக்கும், ஆளு ஞாபகம் இருக்காது." பிறகு குனிந்து, பிச்சைமுத்துவின் காதில், "இனி என் மோட்டார் சைக்கிள் நம்பர் மைக்ல வருமா?" என்றார்.

"வராது மச்சான். அம்மா மேல சத்தியம்."

"அவளும் கேட்டுக்கிட்டுதான் இருக்கா" என்று ராமையா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிச்சைமுத்து ஜெனரேட்டருக்குப் பின்னால் ஓடி, தஞ்சோங் மாலிமில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டார். இரைச்சலில் கத்தவும் வேண்டியிருந்தது, யாருக்கும் கேட்கக் கூடாது என்றும் இருந்தது.

"அப்பா, லைட்ட ஆஃப் பண்ணீங்களா?"

"பட்டப்பகல்ல எவன் லைட்டு போடுவான்?"

"பூஜையில போடுவாங்களே."

பிச்சைமுத்து ஜெனரேட்டரைச் சுற்றி இன்னும் இரண்டடி தள்ளிப் போனார்.

"எறங்கறப்ப டிங் டிங்னு சத்தம் வந்திருக்குமே?"

"வந்துச்சு. ராமையா மணி அடிக்கறான்னு நெனச்சேன்."

மகள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பேட்டரி செத்துவிட்டது, 'பி'யிலிருந்து கியர் தானாக வராது, அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று அவள் விளக்கினாள். "ரொம்ப சிம்பள்ப்பா. நீங்களே போயி தொறந்து எடுத்துருங்க."

அதைத்தான் செய்ய முடியாது. சாவியை வெளியே எடுத்தால் மைக் போய்விடும். எடுக்காவிட்டால் ரதம் நிற்கும். பிச்சைமுத்து மேடைக்குத் திரும்பினார். அடுத்து ஒலிபெருக்கியில் கேட்டதை ஏழாங்கட்டை அதுவரை கேட்டதில்லை.

"பக்தகோடிகளே, தப்பு யாருக்கும் நடக்கும். அந்தக் காரின் உரிமையாளர் மனம் வருந்த வேண்டாம். தங்கள் சாவியை அர்ச்சனைச் சீட்டு மேசையில் வைத்துவிட்டால் போதும். யார் என்று யாரும் கேட்க மாட்டோம். அம்மா மன்னிப்பாள்."

சரளா மெதுவாகத் தலையைத் திருப்பி மேடையைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம், "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

சற்று நேரத்தில் அர்ச்சனை மேசையில் ஒரு சாவி கிடந்தது, வளையம் கழற்றப்பட்டு மொட்டையாக. அதை எடுத்துக்கொண்டு வந்தவரும் சரளாதான். கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். கார் முனகக்கூட இல்லை. "பேட்டரி கொங்! தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னா ஆட்டோ. கியரே எறங்க மாட்டேங்குது!"

பிச்சைமுத்து கம்பியில்லாத மைக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார். பொது அறிவு வழங்குகிறவர் போல் முகத்தை வைத்துக்கொண்டார். "இந்த மாதிரி வண்டிகள்ள பொதுவா, கியருக்குப் பக்கத்துல ஒரு சின்ன மூடி இருக்கும். சாவியத் திருப்பினபடியே விட்டுட்டு, பிரேக்க மிதிச்சுக்கிட்டு, மூடிய நெம்பி எடுத்து, ஓட்டைக்குள்ள எதையாச்சும் விட்டு அமுக்கணும். அமுக்கிக்கிட்டே 'என்'னுக்கு இழுக்கணும், அதான் ஃபிரீ கியரு."

"எத விட்டு அமுக்கறதுண்ணே? வெரலு போவல. யார்ட்டயாச்சும் ஸ்குரூ டிரைவர் இருக்காலா?"

யாரிடமும் இல்லை. டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. அம்மனுக்கு முன்னால் கற்பூரம் அணையப் போனது. கையில் மைக் இருக்கும்போது தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லாத மனிதர் பிச்சைமுத்து.

"டேஷ்போர்டத் தொற. முறுக்கு டப்பாவுக்கு அடியில செவப்புக் கைப்பிடி போட்டது இருக்கும். டப்பாவ ஆட்டாத, முறுக்கு ஒடஞ்சிரும்!"

நான்கு ஒலிபெருக்கிகளும் அதைச் செம்பனைக் காடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்தார். சரளா காருக்குள்ளிருந்து முதலில் ஒரு கையை நீட்டினார், அதில் முறுக்கு டப்பா. அப்புறம் இன்னொரு கை, அதில் சிவப்புக் கைப்பிடி. கடைசியாகத் தலை வெளியே வந்தது.

"அண்ணே."

"பொதுவா எல்லாரும் முறுக்கு வச்சிருப்பாங்க, தங்கச்சி."

"செவப்புக் கைப்பிடியும் பொதுவா வச்சிருப்பாங்களா?"

ராமையா ரதத்தின் மேலிருந்து மணியை எடுத்து டிங் டிங் என்று இரண்டு தடவை அடித்தார். அதன் பிறகு கூட்டத்தை அடக்க யாராலும் முடியவில்லை. ரதத்துக்கு முன்னால் நடந்தவர்களே உட்கார்ந்து சிரித்தார்கள். போன வருடம், அதற்கு முந்திய வருடம், அதற்கும் முந்திய வருடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாரும் தாமாகவே முன்வந்து காரின் பின்னால் கை வைத்தார்கள். சரளா மூடியை நெம்பி, அமுக்கி, 'என்'னுக்கு இழுத்து, கைப்பிரேக்கை இறக்கினார். அத்தனை கை பட்டதில் கார் தேர் மாதிரியே நகர்ந்து, பழைய பாலர் பள்ளித் திடலில் போய் நின்றது.

தீர்மானம் தீர்மானம்தான். பிச்சைமுத்து மைக்கை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். "ஏ.என்.கே. 6184. இதன் உரிமையாளர் வந்துவிட்டார்" என்று தொடங்கினார். அம்மனிடம் கேட்டார். பக்தர்களிடம் கேட்டார். நீலக் கார்காரரிடம், பி.எல்.ஜே. 902 என்று எண்ணையும் சொல்லிக் கேட்டார். சரளாவிடம் பால்குடத்துக்குத் தனியாக, காவடிக்குத் தனியாகக் கேட்டார். தோட்டத்தின் வரலாறு வரைக்கும் போய்விட்டார். ரதம் கிளம்புவது இப்போது தாமதமானது மன்னிப்பால்தான்.

"போதும்ணே, எல்லாம் மன்னிச்சாச்சு" என்று சரளா கையை நீட்டினார். "குடுங்க."

பிச்சைமுத்து மைக்கைப் பார்த்தார். பிறகு கொடுத்தார்.

"ரதம் வருது, வழி விடுங்க!" என்றார் சரளா. முதல் வார்த்தைக்கே ஒலிபெருக்கி கீச்சென்றது. "கொஞ்சம் தள்ளிப் புடி, தங்கச்சி" என்று பிச்சைமுத்து கிசுகிசுத்தார். தள்ளிப் பிடித்ததும் குரல் சரியாகிவிட்டது.

ரதம் சுற்றி வந்த பிறகு சரளாவின் காரிலிருந்து ஒயர் போட்டுத்தான் பிச்சைமுத்துவின் காரை உயிர்ப்பித்தார்கள். முறுக்கை எல்லாரும் தின்றார்கள். பாதிக்கு மேல் உடையாமல்தான் இருந்தது.

வரும் ஏப்ரல் திருவிழாவில் மைக் சரளாவிடம் இருக்கும். பிச்சைமுத்து ராமையாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரப்போகிறார்.