வெங்காய அறையும் மாமாவின் அறையும்

இரண்டு வெள்ளிக்கு முன் ஒரு பின்னேரம். என் மகள் யாழினி வாசல் கேற்றடியில் நின்றாள். எட்டு வயது. முதுகில் உடுப்புப் பை. கக்கத்தில் தலையணை.

பை சரி... தலையணை எதற்கு?

“சித்தப்பா வாறார். கொக்குவிலுக்குப் போறன்.”

“ஒவ்வொரு வெள்ளியும் போறனீதானே. தலையணை என்னத்துக்கு?”

“இனி அது அங்கை இருக்கட்டும் அப்பா. எனக்கு அந்த அறையிலை படுக்கத்தான் விருப்பம். பள்ளிக்கூட நாளிலை மட்டும் இங்கை படுக்கிறன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் பேசியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அதற்குள் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மகளும் தலையணையும் ஏறிப் போய்விட்டார்கள்.

சித்தப்பா என்றால் என் சகலன் கேதீஸ். மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஆறு வயது இளையவன். அவன் வீட்டு முருங்கை காய்த்தால் எனக்கு வயிறு எரியும். அவன் மோட்டார் சைக்கிள் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனாலும் எரியும். இத்தனை வாரம் இந்தப் பத்தியில் என்னோடு பழகிவிட்டீர்கள், உங்களிடம் என்ன ஒளிப்பு? நான் ஒரு பொறாமைக்காரன்.

ஆனால் இந்த முறை எரிந்தது முருங்கைக்காக இல்லை. மகளுக்காக.

கேதீஸ் தன் மகள் அபிக்கு ஒரு சின்ன அறை செய்து கொடுத்திருக்கிறான். ஆறுக்கு எட்டு அடி. சுவருக்கு நீலப் பெயின்ட். மூலையோடு ஒட்டிய சின்னக் கட்டில். லைற்றை அணைத்தால் மினுங்கும் நட்சத்திர ஸ்டிக்கர்கள். நடுவே இரண்டு பிள்ளைகள் இருந்து கல் எறிந்து கொக்கான் வெட்டி விளையாட வெறும் நிலம்!

யாழினியின் அறை ஏழுக்கு எட்டு. ஒரு அடி பெரிது! பிறகேன் அது தீப்பெட்டி மாதிரித் தெரிகிறது?

இந்தத் தலையணைக் கதைக்கு முன்பே ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனபோது, பாத்ரூமுக்குப் போகிற சாட்டில் அந்த அறைக்குள் நுழைந்து அளவு நாடாவைப் பிடித்தேன். கேதீஸ் வாசலில் நிற்கிறான்.

“என்ன அண்ணை, என்ரை வீட்டை வாங்கப் போறியளோ?”

“சும்மா... நாடா சரியோ எண்டு பாக்கிறன்.”

அன்றைக்கே முடிவு செய்தேன் — அவனுடையதைவிட ஒரு படி மேலே செய்வதென்று. கட்டிலுக்குக் கீழே இழுத்துத் திறக்கிற நான்கு லாச்சி! உடுப்பு, புத்தகம், விளையாட்டுச் சாமான் எல்லாம் அதற்குள் போய்விடும். எங்கள் புத்தூரில் தச்சு வேலை செய்கிற யோகண்ணையைப் பிடித்தேன்.

“தம்பி, லாச்சி இழுபட இடம் வேணுமெல்லே?”

“நீங்கள் செய்யுங்கோ அண்ணை, நான் பாக்கிறன்.”

பார்த்தேன். அறைக்கதவு உள்ளே திறக்கிற கதவு. கதவு திறந்திருந்தால் லாச்சி இழுபடாது. லாச்சியை இழுக்கவேண்டுமென்றால் கதவைச் சாத்தவேண்டும். கதவைச் சாத்தினால்... வெங்காயம் மணக்கும்.

ஓம், வெங்காயம். அது வீடு கட்டும்போது வெங்காயம் கட்டித் தொங்கவிடுவதற்கென்று குசினிக்குப் பக்கத்தில் போட்ட அறை. யாழினி பிறந்த பிறகு வெங்காயம் கொட்டிலுக்குப் போனது. மணம் போகவில்லை. அதே நீலப் பெயின்டைத் தேடி வாங்கி இரண்டு தரம் அடித்தேன். ஒரு கிழமையில் நீலத்துக்குள்ளால் வெங்காயம் வந்தது. நானும் நட்சத்திரம் ஒட்டினேன். மூன்றாம் நாள் ஒவ்வொன்றாகக் கழன்று தலையணையில் விழுந்தன.

“அப்பா, என்ரை சட்டை மணக்குதாம். பக்கத்திலை இருக்கிற பிள்ளை தள்ளி இருக்கிறாள்” என்றாள் ஒருநாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு அறையைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்காரருக்குச் சொல்லாமலே விளங்கும்.

எங்கள் வீட்டின் முன்பக்கம், பதினாலுக்குப் பன்னிரண்டு. ஏசி. உள்ளேயே பாத்ரூம். பெரிய கட்டில், புது மெத்தை. அதற்குப் பெயர் மாமாவின் அறை. என் மனைவியின் அண்ணர், யாழினியின் மாமா, எனக்கு மச்சான், கனடாவில் இருக்கிறார். இரண்டு தங்கைமாரும் வீடு கட்ட அவர்தான் கைகொடுத்தார். அதனால் எங்கள் வீட்டிலும் அவருக்கு ஒரு அறை, கொக்குவிலிலும் ஒரு அறை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருவார். ஒவ்வொரு வீட்டிலும் சில நாள் நிற்பார். மற்றக் காலமெல்லாம் அறைக்குப் பூட்டு. திறப்பு சாமிப்படத்துக்குப் பின்னால். மனைவி வெள்ளிக்கிழமைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கூட்டிவிட்டு வருவாள்.

போன முறை மச்சான் கொக்குவிலில் நான்கு நாள் நின்றார். எங்களிடம் இரண்டே நாள். மனைவி ஒரு கிழமை அழுதாள். நான் அழவில்லை... ஆனால் கேதீஸோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

அந்த அறையில் பிள்ளையைப் படுக்க வைக்கலாமே என்று எங்களுக்கு ஒருநாளாவது தோன்றியதா? சத்தியமாக இல்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். தலையணை போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டி வரக் கொக்குவிலுக்குப் போனேன். சின்ன அறையில் ஒருவரும் இல்லை. யாழினியின் தலையணை மட்டும் அபியின் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அறை துடைத்துவிட்டாற்போல வெறுமையாக இருந்தது. அப்போதுதான் மூளையில் தட்டியது — அபியின் உடுப்பு எங்கே? புத்தகம் எங்கே? ஒரு அலுமாரிகூட இல்லையே!

முன்பக்கம் சிரிப்புச் சத்தம். போனேன். மாமாவின் அறை ஆவென்று திறந்து கிடந்தது. கட்டிலில் யாழினியும் அபியும் ஏறிக் குதிக்கிறார்கள். மேசை நிறையக் கலர் பென்சில். மச்சானின் அலுமாரிக்குள் சின்னச் சட்டைகள். ஏசியில் பொம்மையின் பாவாடை காய்கிறது.

கேதீஸ் தலையைச் சொறிந்தான். “சின்ன அறையிலை படுக்கை மட்டும்தான் அண்ணை. மிச்சமெல்லாம் இங்கை. மச்சான் வாறதெண்டால் ரெண்டு நாளிலை துப்பரவாக்கிப் போடலாம்.”

இதுதானா ரகசியம்! இதற்காகவா நான் நான்கு லாச்சி செய்தேன்?

எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. சந்தோசம்தான் வந்தது. ஆள் வசமாக மாட்டிவிட்டான்!

அன்று பின்னேரமே மச்சானை வாட்ஸ்அப்பில் அழைத்தேன். மனைவியும் பக்கத்தில் இருந்தாள். சுகம் விசாரித்தேன், பனி விசாரித்தேன், பிறகு மெல்ல இறக்கினேன்.

“நான் சொல்லக்கூடாது மச்சான்... கொக்குவிலிலை உங்கடை அறைக்குள்ளை பிள்ளையள் கட்டில்லை ஏறிக் குதிக்கினம்.”

“அப்பிடியோ?”

“ஓம். எங்கடை வீட்டிலை அப்பிடி இல்லை. நீங்கள் விட்ட மாதிரியே இருக்கு. மெத்தையிலை பொலித்தீன்கூடக் கழட்டேல்லை.”

மனைவி பெருமையாகத் தலையை ஆட்டினாள்.

“அப்ப யாழினி எங்கை படுக்கிறவள்?”

“அவளுக்கு ஒரு சின்ன அறை இருக்கு.”

“எது? குசினிக்குப் பக்கத்திலை வெங்காயம் தூக்கின அறையோ?”

நான் போனை மனைவி பக்கம் நீட்டினேன், அவள் வாங்கவில்லை.

“உமக்கென்ன விசரே?” என்றார் மச்சான். “முதல்லை பிள்ளையை என்ரை அறையிலை படுக்க விடும். அந்தப் பொலித்தீன் மெத்தையிலை மனிசன் படுப்பானே? திரும்பினால் சரசர எண்டு சத்தம். போன முறை உங்கை நான் நிலத்திலை பாய் விரிச்சுத்தான் படுத்தனான். கேதீஸ் பொலித்தீனைக் கிழிச்செறிஞ்சு போட்டான். அதுதான் அங்கை ரெண்டு நாள் கூடுதலா நிண்டனான்.”

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு கிழமைக் கண்ணீர்... ஒரு பொலித்தீனுக்காகவா?

அடுத்த நாள் காலையில் திறப்பை எடுத்தது மனைவிதான். பொலித்தீனை நான் கிழித்தேன். யாழினி பள்ளிக்கூடத்தால் வந்து, வாசலில் நின்று, தாயைப் போலவே செருப்பைக் கழற்றினாள்.

“மாமா ஏசமாட்டாரோ?”

“மாமாதான் சொன்னவர். இனி இது உன்ரை அறை.”

அவள் கட்டிலில் ஏறி நடுவில் படுத்தாள். பிறகு தன் சட்டையை மூக்கில் வைத்து மணந்து பார்த்தாள். இத்தனை நாளும் இந்தப் பிள்ளை தினமும் இப்படி மணந்து பார்த்துத்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறது. நான் நாடாவோடு சகலன் வீட்டுச் சுவரை அளந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கேற்றடிக்குப் போகவில்லை. என் போனை வாங்கிக் கதைத்தாள். “சித்தப்பா, என்ரை தலையணையைக் கொண்டு வாங்கோ. அபியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இந்த முறை எங்கடை வீட்டிலை படுப்பம்.”

கேதீஸ் தலையணையோடு வந்தான். அறையைப் பார்த்தான். கட்டில், மேசை, அலுமாரி... யாழினியின் சாமான் மட்டுமில்லை, யாழினியே அங்கேதான் படுக்கிறாள் என்பது அவனுக்கு விளங்கியது.

“ஏசியும் போடுறியளோ அண்ணை?”

“பிள்ளைக்கு வேர்க்குமெல்லே.”

அவன் முகம் போன போக்கு இருக்கிறதே... அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். எனக்கோ சூடாக ஒரு பிளேன்ரீ குடித்த சுகம்.

அத்தோடு முடிந்திருக்கலாம். நேற்று மச்சானே போனில் அழைத்தார். மார்கழியில் வருகிறாராம்.

“பிள்ளையளைக் கிளப்பவேண்டாம். நான் சின்ன அறையிலை படுத்துக்கொள்ளுறன்.”

“எந்த வீட்டுச் சின்ன அறையிலை மச்சான்?”

சிரித்துவிட்டு வைத்துவிட்டார். வெங்காய அறையில் நட்சத்திரம் கழன்று விழாமல் ஒட்டுகிற பசை எந்தக் கடையில் இருக்கிறதென்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்... கேதீஸுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்!