மாப்பிள்ளையின் கட்டைவிரல்

என் வீட்டுக்காரரிடம் நான் முதன்முதலில் பார்த்தது அவருடைய முகத்தை அல்ல, வலது கால் கட்டைவிரலை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலை நிமிரக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். இப்போது என் பேத்திகள் போட்டோவைப் பார்த்தே மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்குக் காணக் கிடைத்தது ஒரே ஒரு விரல், அதுவும் துணி சுற்றியது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே. அவர்கள் பக்கத்து ஊரிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள். மாப்பிள்ளையாக வந்த மனிதர் எங்கள் வாசற்படியிலேயே விரலை இடித்துக்கொண்டார். எங்கள் சனத்துக்கு இதைவிடக் கெட்ட சகுனம் வேண்டாம். ஏற்கெனவே எனக்கு ஒரு வரன் பல்லி கத்தியதில் போயிற்று, இன்னொன்று யாரோ தும்மியதில் போயிற்று. இதுவும் போனால் ராசியில்லாதவள் என்று ஊரே முடிவு கட்டிவிடும். அடுப்படியில் நின்ற எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தடுக்கிருச்சு சாமி, எந்திரி போலாம்" என்று மகனிடம் சொன்னார் அவருடைய அம்மா. தண்ணீர்ச் சொம்பைக்கூட அந்த அம்மாள் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். ஒரு வாய் சோறு உள்ளே போய்விட்டால், பிறகு பல்லி கச்சேரியே நடத்தினாலும் பேச்சு மாறாது.

ஆனால் ரத்தம் சொட்டச் சொட்ட ஆளை எப்படி அனுப்புவது? என் அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து விரலில் பூசினாள். அதெல்லாம் ஆகாது என்று பெரியப்பா அதை வழித்தெறிந்துவிட்டுச் சீமெண்ணெய் ஊற்றினார். மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் தொழுவத்து எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அத்தை தன் பங்குக்குக் கிணற்றடிப் பச்சிலையைக் கசக்கிப் பிழிந்தாள். ஆளுக்கொரு துணியாகச் சுற்றியதில் விரல் தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. செருப்புக்குள் நுழையவில்லை.

"நடந்துருவியா சாமி?" என்று கேட்டார் அவருடைய அம்மா.

"உசுரு போகுதுங்கம்மா. செத்த நேரம் இருந்துட்டுப் போலாமுங்க."

இருப்பதுதான் இருக்கிறார்கள், பெண்ணையும் பார்த்துவிடட்டும் என்று அப்பா என்னைக் கூப்பிட்டார். போய்த் தலை குனிந்து நின்றேன். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கட்டுப்போட்ட விரல் தரையில் ஜோராகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. உயிர் போகிற விரல் இப்படி ஆடுமா? எனக்கு அந்த ஆளை அப்போதே பிடித்துப்போயிற்று.

"விரல்ல போட்ட மருந்துப் பத்து காஞ்சு போச்சுங்கம்மா, வேற அரைச்சுட்டு வாரனுங்க" என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அம்மிப் பக்கமே திரும்பவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்ச் சோற்றுக்கு உலை வைத்தேன்.