கதவில் இரண்டு நிமிடம்

குடியிருப்புச் சங்கத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் பசையண்ணன்தான். இளவயதில் சுவரொட்டி ஒட்டி வயிறு வளர்த்தவர். பிறகு சங்கத்தில் எடுபிடியாகச் சேர்ந்து இருபது வருடம் ஓடிவிட்டது. நூற்றிருபது வாடகை வீடுகளில் எங்கே குழாய் ஒழுகினாலும், எங்கே எலி செத்தாலும் அவர்தான்.

ஆனால் செயலாளருக்கு அவரிடம் பிடித்த வேலை வேறு. ஒரு குடும்பத்தைக் காலி செய்ய வைக்க வேண்டுமென்றால், வாடகை உரிமை ரத்து என்று கதவில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பதினைந்து நாளுக்குள் ஆட்சேபணை வராவிட்டால் பூட்டை உடைக்கலாம். விதி அப்படி. பசையண்ணன் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போவார். மாவைத் தண்ணீராகக் காய்ச்சிய பசை. ஒட்டுவார், கைபேசியில் படம் எடுப்பார், ஈரம் காய்வதற்குள் நோட்டீஸை உரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பதினாறாம் நாள் பூட்டு உடைக்கிற ஆள் வந்து நிற்கும்போதுதான் வீட்டுக்காரர்களுக்கு விஷயமே தெரியும்.

ஒருமுறை உரிக்கும்போது கதவுப் பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. செயலாளர் வாய்க்கு வந்தபடி திட்டினார். அன்றிலிருந்து உரித்த பிறகு வெறுங்கதவையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புவது வழக்கமாயிற்று. கீறல் இல்லாத கதவு. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“கைய நல்லா கழுவிட்டு வாங்க. அந்தக் கையால என் தட்டத் தொடாதீங்க” என்பாள் மனைவி. பசையின் புளித்த வாடையைச் சொல்கிறாள் என்றுதான் அவர் நினைத்துக்கொள்வார்.

மூன்றாவது மாடி மூலை வீட்டில் தையல்காரம்மா தனியாக இருந்தார். குடியிருக்கும் வீட்டில் தொழில் நடத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. உண்மையில், இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த அந்த வீடு செயலாளரின் மச்சினனுக்குத் தேவைப்பட்டது. அம்மா வெளியே போயிருந்த நேரம் பார்த்து நோட்டீஸ் ஒட்டி உரித்தாயிற்று. பதினாறாம் நாள் பூட்டு உடைக்க வந்தபோது அம்மா உள்ளே இருந்தார். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, தன்னிடம் கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்ட வக்கீலுக்குப் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் இடைக்காலத் தடை வந்துவிட்டது. அடுத்த விசாரணை வரை அந்தக் கதவை யாரும் தொடக்கூடாது. அந்த விசாரணையில், நோட்டீஸ் முறைப்படி கொடுத்ததாகச் சங்கம் காட்டிவிட்டால் தடை போய்விடும். அம்மாவும் மெஷினும் தெருவுக்கு.

“படம் இருக்குல்ல? அனுப்பு” என்றார் செயலாளர், சாவியால் காது குடைந்தபடி. குடைந்ததை விரல் நுனியில் உருட்டிப் பார்த்து மேசை விளிம்பில் தேய்த்தார். பசையண்ணன் வழக்கம்போல இரண்டு படங்களையும் அனுப்பினார். தட்டச்சுக்காரர் இரண்டையும் அச்செடுத்துப் பதில் மனுவோடு கோத்தார். செயலாளர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

விசாரணையில் நீதிபதியம்மா, மூலையில் நேரம் பதிந்த அந்தப் படங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தார்.

“இத எடுத்தது யாரு?”

“நான்தாம்மா” என்றார் சங்கத்தின் சாட்சியாக வந்திருந்த பசையண்ணன்.

“பதினொன்னு நாப்பதுக்கு நோட்டீஸ் இருக்கு. நாப்பத்திரண்டுக்குக் கதவு காலியா இருக்கு. எங்க போச்சு?”

செயலாளர் பின்னாலிருந்து தோளைப் பிடித்துக் காதருகே குனிந்தார். ஊசிப்போன மூச்சு. “காத்துண்ணே. காத்துல போச்சுன்னு சொல்லு.” இத்தனை வருடத்தில் முதல்முறையாக ‘அண்ணே’. தோளில் இருந்தவை காதழுக்கை உருட்டிய அதே விரல்கள். பசையண்ணன் தோளை உதறி விலக்கிக்கொண்டார்.

“காத்து இவ்ளோ சுத்தமா உரிக்காதும்மா” என்றார். “நான்தான் பிச்சேன். ஒட்டி, படம் எடுத்து, பிச்சுடுவேன். அப்படித்தான் செய்யச் சொல்லுவாங்க.”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. நோட்டீஸ் கொடுத்ததாகவே ஆகாது. வழக்கு முடியும்வரை தடை நீடிக்கும் என்று எழுதச் சொன்னார்.

“நாளைக்கு ஆபீஸ் பக்கம் வந்துடாத” என்று சொல்லிவிட்டுச் செயலாளர் போய்விட்டார். வேலை போனது கூட அப்போது உறைக்கவில்லை. நீதிமன்றத்தின் வெளிப்படிக்கட்டில் தையல்காரம்மாவைப் பார்த்ததும் பசையண்ணன் ஒதுங்கி நின்றார். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார்.

“நாலாவது மாடி டிரைவர் வீடு?” என்றார் அம்மா.

“என்னங்க?”

“அவங்களையும் இப்படித்தான் கிளப்புனீங்களா? சாமானெல்லாம் மழையில கிடந்துச்சே. நோட்டீஸே வரலன்னு அந்தப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. நான்கூட நம்பல. ‘பாக்காம விட்டிருப்பே’ன்னு சொன்னேன்.”

பசையண்ணனின் கை சட்டைப்பைக்குப் போனது.

“உள்ள போங்க. என் வக்கீல் இன்னும் அங்கதான் இருக்காரு. எந்தெந்த வீடுன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க, அவர் எழுதிக்குவாரு.” முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “கிட்ட வராம போங்க. வயித்தப் புரட்டுது.”

அவர் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு, படியேறி உள்ளே போனார்.