வண்டல் மண் சுவர்

ஓசூரில் மனை வாங்கி வீடு கட்டி வாடகைக்கு விட்டால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று யாரோ சென்னகிருஷ்ணனின் காதில் ஓதிவிட்டார்கள். 1967இல் நாகரசம்பட்டி மாந்தோப்பையும் ஊர்வீட்டையும் விற்றுவிட்டு, மனைவி நாகம்மாவோடு வந்து இறங்கினார். மனைக்கு எதிரில் என் டீக்கடை. டீ ஆற்றிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனையிலிருந்த செம்மண்ணைக் கையில் அள்ளியவர் முகம் சுளித்தார்.

"இதுல என்னா வெளையும்? இத வெச்சா செவுரு கட்டறது?"

ஏரியிலிருந்து வண்டி வண்டியாகக் கருத்த வண்டலைக் கொண்டுவந்து கொட்டினார். கொத்தனார் ராமப்பன், செம்மண்ணே போதும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "மண்ணப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று இவர் சீறியதும் அவர் வாயை மூடிக்கொண்டார். கூலி கொடுப்பவரிடம் யார் மல்லுக்கு நிற்பது?

பூசுவதற்குள் ஈரச் சுவரில் புல் முளைத்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா தம்பி, மண்ணுன்னா இது!" சுவரில் வெள்ளாமை வைக்கப்போகிறாரா என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஓடு வேய்ந்த அந்த வீட்டுக்குத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா சகாயநாதன் குடிவந்தார். அவர் மனைவி ஜெபசீலிக்குக் கைக்குழந்தை. சென்னகிருஷ்ணனும் நாகம்மாவும் பின்னால் ஒரு கூரைக் கொட்டாய் போட்டுக்கொண்டார்கள். அந்த வாடகைதான் அவர்களுக்குச் சோறு.

கோடையில் சுவர் விரல் நுழையும் அளவுக்கு வெடித்தது. வெயிலில் ஏரி வெடிப்பதை ஆயுசெல்லாம் பார்த்த மனிதர், அதே மண் சுவரிலும் வெடிக்கும் என்று நினைக்கவே இல்லை. வெடிப்பைச் சுண்ணாம்பால் அடைத்தார். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெடிப்பு வழியே தண்ணீர் இறங்கி மண் ஊறி, பின்சுவர் வயிறு தள்ளியதுபோல் வெளியே பிதுங்கியது. அந்தச் சுவரை ஒட்டித்தான் உள்ளே தொட்டில்.

"குடியிருக்கறவங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதான்" என்றார் சென்னகிருஷ்ணன்.

நாகம்மா வெடித்தாள். "சொன்னா போயிடுவாங்க. அப்புறம் எவன் வருவான்? தோப்பையும் தொலச்சிட்டு நிக்கறோம், தெரியுதா?"

இரண்டு நாள் அவர் டீ குடிக்க வந்து, குடிக்காமலே எழுந்து போனார். பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் கொட்டும் மழையில் போய்க் கதவைத் தட்டினார்.

"அம்மா, செவுரு நிக்காது. என் தப்புதான். கொழந்தயத் தூக்கிக்கினு கெளம்புங்க."

"இந்த மழையில எங்கங்கய்யா போறது?" என்று ஜெபசீலி கண் கலங்கினாள். அவரே தொட்டிலை அவிழ்த்து, பானை சட்டியைச் சுமந்து, சர்ச்சுக்குப் பக்கத்திலிருந்த அவர்களுடைய உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

சுவர் அன்று விழவில்லை. மறுநாளும் விழவில்லை. கார்த்திகை முடிந்து மழை ஓய்ந்தது. சுவர் பிதுங்கியபடியே நின்றது. விழுந்திருந்தால் ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். விழாததால் என் கடையில் உட்கார்ந்து அவரைக் கிண்டலடித்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது, ஒருவனை எழுந்து போகச் சொல்லிவிட்டேன். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர்கள் கதையைக் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். செம்மண்ணில் பின்சுவரைப் புதிதாக எழுப்பக் கையில் எதுவும் இல்லை. மாந்தோப்பு வேலை மட்டுமே தெரிந்தவர், ஓசூரில் மூட்டை தூக்கப் போனார்.

அடுத்த வருஷம் முதல் மழைக்கே கொட்டாய்க் கூரை ஒழுகிச் சரிந்தது. போக்கிடம் ஏது? பாயைச் சுருட்டிக்கொண்டு இருவரும் அந்த வீட்டுக்கே குடிபோனார்கள்.

சூடாக டீ எடுத்துக்கொண்டு போனேன். நாகம்மா வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங்க, அந்தக் கொழந்தைக்கு ஆவாத செவுரு நமக்கு மட்டும் ஆவுமா?"

அவர் அவளுடைய பாயை வாசலோரம் விரித்துவிட்டு, தன் பாயைப் பின்சுவர்ப் பக்கம் போட்டுக்கொண்டார்.