அண்ணனுக்கு ஒரு நாற்காலி

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஆனி மாதம், தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் வைத்து என் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் புளியங்குடி. எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கிற நல்ல குடும்பம். நகை, சீர் எதிலும் எங்களுக்குப் பிரச்னை இல்லை. எனக்கு இருந்த ஒரே கவலை, அன்று என் அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிடுவாரா மாட்டாரா என்பதுதான்.

சிரிக்காதீர்கள். தாய்மாமன் தட்டு மாற்றிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பினால் எங்கள் பக்கம் அது சின்ன விஷயம் இல்லை. "பொண்ணு வீட்ல ஏதோ உள்குத்து இருக்கு" என்று சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஊர் போய்ச் சேருவதற்குள் பேசி முடித்துவிடுவார்கள்.

விஷயம் பழையது. நாங்கள் இந்த வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சியபோது அண்ணன் ராணுவத்தில் இருந்தார். லீவு கிடைக்குமோ கிடைக்காதோ என்று இருந்தவர், எப்படியோ வாங்கிக்கொண்டு ரயிலில் இரண்டு ராத்திரி உட்கார்ந்தே வந்து சேர்ந்தார். குளித்துவிட்டு முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, கூட்டும் பொரியலும் வைத்தாயிற்று. அப்போது என் வீட்டுக்காரர் வழிச் சொந்தத்தில் ஒரு பெரியவர் தன் ஆட்களோடு வந்து, அண்ணன் தோளைத் தட்டி, "தம்பி, நீங்க வீட்டு ஆளுதானே. அடுத்த பந்தியில உக்காந்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் எழுந்துவிட்டார். அதே இலையில் இன்னொருவர் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் அடுக்களையில் இருந்தேன், எனக்குத் தெரியாது. விஷயம் தெரிந்து ஓடி வந்தபோது அவர் பையை எடுத்துக்கொண்டு கேட் அருகே நின்றார். "ஏட்டி, உன் மேல ஒண்ணும் இல்ல. ஆனா இந்த வீட்டுல நான் இனி கை நனைக்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால்கூடச் சமாதானம் செய்திருக்கலாம்.

உறவை முறித்துக்கொள்ளவில்லை. அதுதான் வேடிக்கை. ஓய்வு பெற்றுப் பக்கத்து ஊர் இலஞ்சியில் வந்து குடியேறிய பிறகு எங்கள் வீட்டுக்கு வருவார், போவார். எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். ஆனால் கையில் தண்ணீர் பாட்டிலோடு வருவார். என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து தன் பாட்டில் தண்ணீரைக் குடிக்கிற அண்ணனைப் பார்த்தால் எனக்கு வரும் ஆத்திரம் இருக்கிறதே, அந்தப் பாட்டிலைப் பிடுங்கித் தெருவில் எறியலாமா என்று தோன்றும்.

சேர்ந்து சாப்பிடாமல் அண்ணன் தங்கை எப்படி இருப்பது? அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னையும் மகளையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். கடை யார் வீடும் இல்லையே. அவர் சொன்ன சொல்லும் கெடாது.

அதுவும் நம்ம ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இல்லை. செங்கோட்டை போகிற ரோட்டில் வடநாட்டு லாரிக்காரர்களுக்காகப் போட்ட ஒரு பஞ்சாபி தாபா உண்டு. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தந்தூரி ரொட்டியும் பருப்பும் சாப்பிடுவோம். அண்ணன் அங்கே இந்தியில் பேச ஆரம்பித்தால் நானும் மகளும் ரொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொரு வாரம் அரபு நாட்டு மந்திச் சோறு போடுகிற கடை. கம்பளத்தில் வட்டமாக உட்கார வைத்து, நடுவில் ஒரே பெரிய தட்டில் சோற்றையும் கறியையும் கொட்டுவார்கள். முதல் தடவை, எல்லோரும் ஒரே தட்டில் கை வைப்பதா என்று நான் முகம் சுளித்தேன். அண்ணன் தன் பக்கம் இருந்த நல்ல கறித்துண்டை எல்லாம் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு நானும் அந்தத் தட்டில் கை வைத்தேன். அடுத்த வாரம் கேரளாக்காரர் கடையில் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும்.

கடைசியாகப் பிடித்தது குற்றாலம் போகிற வழியில் உள்ள மோமோ கடை. டார்ஜிலிங் பக்கத்துப் பெண் ஒருத்தி நடத்துகிறாள். முப்பது வயதிருக்கும். வந்து சில வருடத்திலேயே நம்ம தமிழை நம்மைவிட நன்றாக இழுத்துப் பேசுகிறாள். மோமோ எனக்குப் பூரணத்துக்குப் பதில் முட்டைக்கோஸை வைத்து அவித்த கொழுக்கட்டை மாதிரிதான் தெரிந்தது. அந்தச் சிவப்புச் சட்னி மட்டும் நாக்கைச் சுண்டி இழுக்கும்.

அண்ணனுக்கு ராணுவத்தில் தின்று பழகிய ருசி, அதனால் இப்படிக் கடை கடையாகத் தேடுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஒரே ஒரு தடவை, அருவி சீசன் நேரத்தில், என் பிடிவாதத்தால் குற்றாலம் மெயின் ரோட்டில் இருக்கிற பரோட்டா கடைக்குப் போனோம். சீசனில் குற்றாலத்தில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். குளித்துவிட்டு ஈரத்தலையோடு பசியில் வருகிற கூட்டம், சாப்பிடுகிறவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று இடம் பிடிக்கும். அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றது. அவர் பாதிப் பரோட்டாவை அப்படியே இலையில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "எனக்குப் போதும்ட்டி. நீ மெதுவா சாப்பிட்டு வா." சால்னா பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்ததும் தாபாவில் வைத்துக் கெஞ்சினேன். "எல்லாம் செய்யுதேன். தட்டு மாத்துதேன், முன்னால நிக்கேன். சாப்பிட மட்டும் சொல்லாத" என்றார். என் வீட்டுக்காரர் இலஞ்சிக்கே நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அண்ணன் அவருக்குக் காபி கொடுத்து, "உங்க மேல எனக்கு வருத்தமே கிடையாது மாப்ள. சொன்னது சொன்னதுதான்" என்று அனுப்பி வைத்துவிட்டார். அன்று எழுப்பிவிட்ட பெரியவரோ எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டின் மேல் கோபம் வைத்திருக்கிற மனிதரை என்ன செய்வது?

என் மகளுக்கு ஒரு ஆசை. விருந்தோடு மோமோவும் வேண்டும் என்றாள். இப்போதெல்லாம் விசேஷ வீடுகளில் பானிபூரி, சாட் என்று தனியாக ஒரு கடை போடுகிறார்களே, அதுபோல. அந்த டார்ஜிலிங் பெண்ணையே வரச் சொன்னோம். கேஸ் அடுப்பு என்பதால் அவளுக்குக் கேட்டுக்கு வெளியே, தெருவில் போட்டிருந்த பந்தலின் ஓரத்தில் இடம் கொடுத்தோம்.

அன்று தட்டு மாற்றுவது நல்லபடியாக முடிந்தது. அண்ணன் பட்டு வேட்டியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் உள்ளே ஹாலில் இலை போட ஆரம்பித்தார்கள். நான் பயந்தபடியே அவர் மெல்ல நழுவிக் கேட்டுக்கு வெளியே போய் நின்றார். சம்பந்தி என்னிடம் வந்து, "பொண்ணுக்குத் தாய்மாமன எங்க காணோம்? அவுக கூட உக்காரணும்னு இருக்கேன்" என்றார். இந்தா வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

மோமோ பெண் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சார் ஏன் இங்கன தனியா நிக்காவ?"

"இந்த வீட்டுல சாப்பிட மாட்டாவ."

"நம்ம கடையில சாப்பிடுவாவளே" என்றாள், இதில் என்ன இருக்கிறது என்பதுபோல. பிறகு என்னிடம் எதுவும் கேட்காமல் சத்தமாகக் கூப்பிட்டாள். "சார், வாங்க. சூடா எடுத்திருக்கேன்."

அண்ணன் தயங்கி, கேட்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். நிற்கிற இடம் தெரு என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தட்டை வாங்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தெருவிலாவது ஒருவாய் சாப்பிடுகிறாரே, சம்பந்தியிடம் இதையே காட்டிச் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அப்போது சாரல் பிடித்தது. ஆனியில் இது சொல்லிக்கொண்டு வருவதில்லை. முதலில் தூறலாக விழுந்து, நிமிடத்தில் பந்தல் துணி ஒழுக ஆரம்பித்தது. அவள் அடுப்பை அணைத்து, ஆவிப் பாத்திரத்தின் ஒரு பக்கக் காதைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற அண்ணனிடம், "சார், அந்தப் பக்கம் புடிங்க" என்றாள். அண்ணன் ராணுவக்காரர் அல்லவா. தூக்கு என்றால் தூக்கிவிட்டுத்தான் யோசிப்பார். கையில் இருந்த மோமோவை வாயில் போட்டுக்கொண்டு இன்னொரு காதைப் பிடித்தார். இருவரும் பாத்திரத்தைக் கேட்டுக்கு உள்ளே, கார் ஷெட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். நான் சட்னிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். அவள் அவருக்கு இன்னும் இரண்டு மோமோ வைத்துச் சட்னி ஊற்றினாள். அவரும் மழையைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

பாதியில் நிறுத்திவிட்டார். காலுக்குக் கீழே தரையைப் பார்த்தார்.

"ஏட்டி, கார் ஷெட்டு வீட்டுல சேத்தியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அந்தப் பதிலை எதிர்பார்த்துத்தான் அவர் அப்படிக் கேட்டார் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடம் தாபா, மந்தி, மோமோ என்று சாக்குத் தேடித் தேடி எனக்கு அலுத்துவிட்டது. என் அண்ணனோடு நான் சேர்ந்து சாப்பிடுவதற்கு எதற்கு இத்தனை வித்தை?

"சேத்திதாம்ணே. வீட்டு வரிக்கு அளந்தப்ப ஷெட்டையும் சேத்துத்தான் அளந்தாவ" என்றேன்.

அவர் தட்டோடு கிளம்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். நல்ல நாளும் அதுவுமாக உண்மை பேசிக் கெடுத்துக்கொண்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். "அப்ப கை நனைச்சாச்சு" என்று அவர் தட்டை என் கையில் கொடுத்தார். ஷெட் குழாயில் கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு, மழைக்குள் போகாமல், படியேறி ஹாலுக்குள் போனார்.

சம்பந்தி பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இலையும் போட்டிருந்தது. அண்ணன் அதன் அருகே போய் நின்றார். உட்காரவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரும் பின்னாலேயே போன நானும் அவர் பக்கத்தில் போனோம். எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"உக்காந்த பெறகு யாரும் எழுப்ப மாட்டாவல்லா?"

அறுபதை நெருங்குகிற மனிதர். எல்லையில் காவல் நின்றவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டார். பரோட்டா கடையில் பாதியில் எழுந்தது, நாற்காலிக்குப் பின்னால் யாரும் நிற்காத கடையாகப் பார்த்து எங்களைக் கூட்டிப் போனது, எல்லாம் எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. ருசியும் இல்லை, ரோஷமும் இல்லை. அவருக்குப் பயம். சாப்பிட உட்கார்ந்தால் யாராவது வந்து தோளைத் தட்டிவிடுவார்கள் என்ற பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வைராக்கியம் என்று பேர் வைத்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசத் தெரியாதவர். கையில் இருந்த சாம்பார் வாளியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மச்சான்" என்றார். அண்ணன் உட்கார்ந்ததும், அந்த நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடி பின்னால் நின்றுகொண்டார். அண்ணன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நிற்பது யார் என்று தெரிந்ததும் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்.

நான்தான் சோறு வைத்தேன். அவசரத்தில் கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது. "ஏட்டி, ஆள மூழ்கடிச்சிராத" என்றார். சம்பந்தி சிரித்தார். அவருக்கு எதுவும் தெரியாது. இன்று வரை தெரியாது. பாயசம் வரை பந்தி நடந்தது. இரண்டு பேர் வந்து என் வீட்டுக்காரரை ஏதோ வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அண்ணன் இலையை மடக்குகிற வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. எங்கள் முகூர்த்தத்தின்போதுகூட நான் அவரை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளுக்குப் போகிறோம். என் வீட்டுக்காரரும் வருகிறார். பாட்டில் இல்லாமல் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருகிறார், சில நாள் சாம்பாரில் குறைகூடச் சொல்கிறார். போன சீசனில் அதே பரோட்டா கடைக்குப் போனோம். வழக்கம்போல ஒருவர் அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் நேரமாகும் தம்பி" என்று சொல்லிவிட்டு இன்னொரு பரோட்டா கேட்டார். விருந்து என்றால் என்னென்ன பதார்த்தம் என்றுதான் அதுவரை நான் யோசிப்பேன். இப்போது யார் வீட்டுப் பந்திக்குப் போனாலும், உட்கார்ந்திருப்பவர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாரா என்றுதான் என் கண் முதலில் பார்க்கிறது.