எழுதி வைக்காமல் தூங்கிய பெட்டி

குணபூசணி முப்பத்தொரு வருடம் அரசாங்க அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்தவர். அவர் கையிலிருந்து பிழையோடு ஒரு தாள்கூட வெளியே போனதில்லை. மாலை நாலரை ஆனால், பாதிக் கடிதத்தை இயந்திரத்தின் உருளையிலேயே விட்டு, உறையைப் போர்த்திவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். மறுநாள் உறையை எடுத்தால், விட்ட எழுத்தில் கடிதம் காத்திருக்கும். இந்தப் பழக்கம்தான் பின்னாளில் அவரைக் கவிழ்த்தது.

ஓய்வு பெற்ற பிறகு, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்து குடியுரிமை கிடைக்காத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு இலவசமாக மனு எழுதிக் கொடுத்தார். இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணின் ரப்பர் மரங்களையே காலமெல்லாம் சீவி, கடைசியில் "நீ இங்கே பிறந்ததற்குக் கடிதாசி எங்கே?" என்று கேட்கப்பட்டவர்கள் அவர்கள். கடிதாசியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய தோட்ட நிர்வாகத்திடம் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. கேள்வியெல்லாம் பிறந்த குழந்தையிடம்தான்.

1998இல், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் விஜயன் ஒரு கணினி வாங்கி வைத்தான். "வேலை முடிஞ்சா சேவ் பண்ணுங்கோ அம்மா, பிறகு ஷட் டவுன்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். ஷட் டவுன் செய்தால் மறுபடி திறக்க நாலு நிமிடம் பிடித்தது. ஸ்டேண்ட் பை என்ற ஒன்றைக் குணபூசணி தாமாகவே கண்டுபிடித்தார். அழுத்தினால் திரை கறுக்கும். எழுப்பினால் விட்ட எழுத்திலேயே நிற்கும். உறை போர்த்திய பழைய இயந்திரமேதான் என்று மகிழ்ந்து போனார். சேவ் செய்வது மெல்ல மெல்ல மறந்து போனது.

அவர் கணவர் யோகநாதன் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி இடியில் கருகியதிலிருந்து, வானம் முனகினாலே எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிடுவார். கிள்ளான் பள்ளத்தாக்கின் மழைக்கு அது ஏறக்குறைய தினசரி வேலை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றைக் கூட்டிப் பெருக்கும் மாரியாயி, நல்லம்மாள் என்ற முதியவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மாரியாயிக்கு ஐம்பத்தைந்து வயது, பிறப்புப் பத்திரம் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவர் பிறந்ததைப் பார்த்தவர்களில் உயிரோடு இருந்தது நல்லம்மாள் ஒருவர்தான். நல்லம்மாள் சொல்வதை எழுதி, சத்தியப் பிரமாணமாகக் கையெழுத்து வாங்கினால் குடிமக்களுக்கான நீல அட்டைக்கு ஒரு வழி பிறக்கும்.

நல்லம்மாள் தமிழில் சொல்லச் சொல்ல, குணபூசணி அரசாங்க மொழியான மலாயில் தட்டினார்.

"இவ அப்பன சயாம் ரயில் பாத போடப் புடிச்சிட்டுப் போயி எட்டாம் நாளு இவ ஆத்தாளுக்கு வலி. மருத்துவச்சி பயந்து ஓடிட்டா. எனக்குப் பதினெட்டு வயசு. பால்வெட்டுற கத்திய வெந்நியில போட்டு நாந்தான் கொடிய அறுத்தேன்."

"அப்பவே அந்தக் கத்தியால என் மூக்கக் கொஞ்சம் செதுக்கி வுட்டிருக்கலாம்ல," என்றார் மாரியாயி.

"உங்கப்பன் மூக்கு அது. அதுல கை வச்சா நீ யாருன்னு அடையாளம் சொல்ல முடியுமா இப்ப?"

ஒரு மணிக்கு மூன்று பக்கம் முடிந்தது. பிரமாணம் எடுக்கும் ஆணையர் அடுத்த தெருவில் நாலு மணி வரை இருப்பார். சாப்பிட்டுவிட்டு, புதுக் கண்ணோடு ஒருமுறை படித்துத் திருத்தி, பிறகு அச்செடுக்கலாம் என்று குணபூசணி நினைத்தார். கணினிப் பெட்டியை ஸ்டேண்ட் பையில் தூங்க வைத்துவிட்டுச் சோறு போட எழுந்தார்.

சாப்பாட்டின் நடுவில் இடி இடித்தது. அரை மணி நேரத்தில் மழை ஓய்ந்தது. மின்சாரம் ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. ஆனால் குணபூசணி வந்து எழுப்பியபோது பெட்டி எழவில்லை. சுவரைப் பார்த்தார். பிளக் தரையில் கிடந்தது. செருகித் திறந்தார். வெற்றுத் திரை. தேடினார், எங்கும் இல்லை.

"பெட்டி தூங்குது எண்டு நீர்தானே சொன்னனீர்," என்றார் யோகநாதன். "தூங்குறதுக்கு என்னத்துக்கு கரண்ட்?"

குணபூசணி நல்லம்மாளை மறுபடி சொல்லச் சொன்னார். ஆனால் முதியவர் களைத்திருந்தார்.

"ஒரு தடவ புள்ளய வெளிய எடுக்கறதே பெரிய பாடு டைப்பிஸ்டம்மா. ரெண்டாந்தடவையும் எடுக்கச் சொல்றீங்களே." சொல்லத் தொடங்கி, நாளை மாற்றினார், தோட்டத்தின் பெயரில் தடுமாறினார். மணி மூன்றேகால்.

"கையால எழுதும், குணம்," என்றார் யோகநாதன். "நாலு வரி போதும். ஓடிப் போய்ச் சைன் வாங்கலாம்."

மேசையில் பேனா இருந்தது. தாளும் இருந்தது. குணபூசணி மறுத்தார். ஏழையின் தாள் அழுக்காக இருந்தால், முகப்பில் மனு வாங்குபவர்கள் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள் என்பதை அலுவலகத்துக்கு உள்ளேயிருந்து பார்த்தவர் அவர். மாரியாயியின் தாளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று நினைத்தார். "அடுத்த செவ்வாய் வாங்கோ. நல்லா அடிச்சு வைக்கிறன்."

நல்லம்மாள் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் இறந்து போனார்.

அன்று மாலை குணபூசணி மகனுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னார். "ஸ்டேண்ட் பையில எல்லாம் ஞாபகத்திலதான் நிக்கும் அம்மா. கரண்ட் போனா ஞாபகமும் போயிடும்," என்றான் விஜயன். "ஹைபர்நேட் எண்டு ஒண்டு இருக்கு. அது எல்லாத்தையும் டிஸ்க்கில எழுதி வச்சிட்டுத்தான் தூங்கும். எங்கட பெட்டியில அது இல்லை."

"பேனாவில அது இருந்தது," என்று சொல்லிவிட்டுக் குணபூசணி தொலைபேசியை வைத்தார்.

கேட்டதையெல்லாம் நினைவிலிருந்து பிழையில்லாமல் தட்டி, தம் பெயரிலேயே பிரமாணம் செய்து அனுப்பினார். எட்டு மாதம் கழித்துப் பதிவு இலாகாவிலிருந்து பதில் வந்தது. காதால் கேட்டவர் சாட்சி ஆகமாட்டார் என்றது. அவர்கள் சட்டத்தில் பிறப்பதற்கும் சாட்சி வேண்டும், அந்தச் சாட்சி சாகாமலும் இருக்க வேண்டும்.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் மாரியாயி சிவப்பு அட்டையைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் சுருட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கடிதத்தைக் கேட்டு வாங்கி நாலாக மடித்தார்.

"விடுங்க டைப்பிஸ்டம்மா. என் தலையெழுத்து அப்படி."

அதை ஒப்புக்கொண்டால் குணபூசணிக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். யோகநாதனும் அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தலையெழுத்து இல்லை மாரியாயி," என்றார் குணபூசணி. "நான் எழுதி வைக்கயில்லை. அவ்வளவுதான்."

மாரியாயி மடித்த கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்.

"லயத்துல எனக்கு அடுத்த வீட்டுல கன்னையான்னு ஒருத்தரு, அவருக்கும் சிவப்பு அட்டதான்," என்றார் செருப்பை மாட்டிக்கொண்டே. "அவரு பொறந்தத பாத்த அக்கா ஒருத்தங்க செமினியில இருக்காங்க. வரச் சொல்லவா?"

"வேண்டாம். நானே போறன்," என்றார் குணபூசணி. மேசையிலிருந்த பேனாவை எடுத்துக் கைப்பைக்குள் போட்டார். பெட்டியின் திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஷட் டவுன் கொடுத்துவிட்டு, இனி அணைக்கலாம் என்று திரையில் எழுத்து வரும் வரை, வாசலில் மாரியாயியை நிற்க வைத்துக் காத்திருந்தார்.